பேட்டரியில் 1 சதவீதம் எத்தனை கிலோமீட்டர்? சின்ன மின்சாரக் கார் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

டாடா டியாகோ இவி, 24 கிலோவாட் ஹவர் (அதாவது 24 யூனிட்) பேட்டரி. வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வடவள்ளியில் வீடு, சரவணம்பட்டியில் வேலை. தினமும் போகவர 40 கிலோமீட்டருக்குள்தான். வீட்டில் வேறு கார் கிடையாது. கோயில், கல்யாணம், ஊட்டி என்று எல்லாவற்றுக்கும் இதே வண்டி.

பச்சை நம்பர் பலகையைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "முழு சார்ஜில் எவ்வளவுங்க ஓடும்?" என்றுதான். வாங்கும்போது சொல்லப்பட்ட 315 கிலோமீட்டர், எம்.ஐ.டி.சி. என்ற சோதனை முறையில் வந்த எண். அந்தச் சோதனையில் வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசி ஓடாது. எல்லா மின்சாரக் கார்களுக்கும் அப்படித்தான் அளக்கிறார்கள். எனக்கு ஊருக்குள் ஏசி போட்டு ஓட்டினால் 210 வரும். நெடுஞ்சாலையில் 80-இல் போனால் 190. 100-இல் மிதித்தால் 160-தான்.

நான் முதல் மாதமே கிலோமீட்டர் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மீட்டரில் "இன்னும் 180 கிலோமீட்டர்" என்று வருகிறதே, அது கொஞ்சம் முன்னால் நாம் ஓட்டிய விதத்தை வைத்துப் போடுகிற கணக்கு. முன்னால் இருக்கிற மேடும் காற்றும் அதற்குத் தெரியாது. அதனால் மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். எந்த ரோடு, கிளம்பும்போது எத்தனை சதவீதம், சேர்ந்தபோது எத்தனை சதவீதம், ஆக 1 சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர். இவ்வளவுதான் அதில் எழுதுவேன். நாலு மாதத்தில் என் ஊர் ரோடுகள் எல்லாம் எனக்கு எண்ணாகவே மனப்பாடம் ஆகிவிட்டன. புதிதாக வாங்குபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான், ஒரு நோட்டுப் போடுங்கள்.

அந்த நோட்டிலேயே மோசமான பக்கம் பழனிப் பயணம். போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், அம்மா, மனைவி, மகளோடு போனோம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக 108 கிலோமீட்டர். போகும்போது 48 சதவீதம்தான் செலவு. 1 சதவீதத்துக்கு 2.25 கிலோமீட்டர்! வண்டி நன்றாகப் பழகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் தள்ளிக்கொண்டு போனது பின்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடுமலை சுற்றி அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நம் சின்ன வண்டி எம்மாத்திரம்?

திரும்பும்போது அந்தக் காற்று அப்படியே முகத்தில். 50 சதவீதத்தோடு பழனியில் கிளம்பினோம். உடுமலையில் அரை மணி நேரம் சார்ஜ் போடலாம் என்பது திட்டம். 35 கிலோமீட்டருக்கு 22 சதவீதம் போய்விட்டது, 28-இல் உடுமலை சேர்ந்தோம். செயலியில் "காலியாக உள்ளது" என்று பச்சையில் காட்டிய சார்ஜர், அங்கே போனால் திரை மட்டும் எரிகிறது, துப்பாக்கியை (ஒயர் முனையில் வண்டியில் சொருகும் பிடி) சொருகினால் ஒன்றும் நடக்கவில்லை. உதவி எண்ணில் இருந்தவர் இரண்டு முறை "ரீஸ்டார்ட் பண்ணுறேன் சார்" என்றார், அவ்வளவுதான். இருபது நிமிடம் வீண்.

அடுத்தது பொள்ளாச்சி, 30 கிலோமீட்டர். பழனியிலிருந்து வந்த கணக்குப்படி 19 சதவீதம் வேண்டும், மிச்சம் 9 இருக்கும். ஏசியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, 50-க்கு மேல் போகாமல் ஓட்டினேன். ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து இன்னும் இழுக்கும். அம்மா பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு மனசே சரியில்லை. பொள்ளாச்சி சேரும்போது 12 சதவீதம் இருந்தது. வேகத்தைக் குறைத்ததில் மிஞ்சியது அந்த 3 சதவீதம். அங்கே சார்ஜர் வேலை செய்தது. 55 வரை ஏற்ற நாற்பது நிமிடம் ஆனது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு விதி: ஒரு சார்ஜரை நம்பிப் போனால் அதற்கு அடுத்த சார்ஜர் வரைக்கும் கையில் சதவீதம் இருக்க வேண்டும், பெரியவர்கள் வண்டியில் இருந்தால் 20-க்குக் கீழே விடக்கூடாது.

இன்னொன்று. 60 கிலோவாட் சார்ஜரைத் தேடி அலைய வேண்டாம். 10-இலிருந்து 80 வரை ஏற்ற இந்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், அதாவது சராசரியாக 18 கிலோவாட் போலத்தான் உள்ளே வாங்குகிறது. சின்ன சார்ஜரே போதும்.

ஊட்டிக்கு நேர்மாறான கதை. 100-இல் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் 82. கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் எண் கரைவதைப் பார்த்தால் பயமாக இருக்கும். பர்லியாறு, குன்னூர் எல்லாம் தாண்டி ஊட்டியில் 29. நாலு பேரோடு ஏறத்தாழ 1,450 கிலோவை 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறோம், அதற்கு மட்டும் 7 யூனிட்டுக்கு மேல் ஆகத்தான் செய்யும். ராத்திரி தங்கிய இடத்தில் கேட்டு 15 ஆம்பியர் பிளக்கில் கொஞ்ச நேரம் போட்டு, 55-இல் நிறுத்திவிட்டேன். மலையிலிருந்து இறங்கும்போது முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது, பேட்டரியில் இடம் இல்லையென்றால் ரீஜென் (இறக்கத்தில் வேகத்தைக் குறைத்து அதிலிருந்தே சார்ஜ் ஏற்றும் வசதி) வேலை செய்யாது. கோத்தகிரி வழியாக இறங்கினோம். கோத்தகிரியில் 44 சதவீதம். 33 கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம் சேர்ந்தபோது 53! மற்ற வண்டிகளின் பிரேக் கருகும் வாடை வழியெல்லாம் வந்தது, நான் பிரேக்கைத் தொட்டதே கொஞ்சம்தான். அன்று மகள் அந்த எண்ணிக்கையைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்து வீட்டுச் சார்ஜிங். வண்டி வருவதற்கு முன்னால் எர்த்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் ராத்திரி சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, ஏற்றவே மாட்டேன் என்றது. பழைய எர்த் குழி காய்ந்து கிடந்தது. எலக்ட்ரீசியன் வந்து புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தனி எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) வைத்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்துக் கொடுத்தார். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றுகிறேன். பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள், எட்டு ஒன்பது மணி நேரம் முழு ஆம்பியர் இழுக்கும் சாமான் அது. எங்கள் முதல் பிளக்கின் ஒரு காலில் கறுப்பு படிந்திருந்தது, உடனே மாற்றினேன்.

செலவுக் கணக்கில் ஏமாற வேண்டாம். யூனிட் 4.80 ரூபாய் என்று போட்டுப் பார்ப்பவர்கள் படிநிலையை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் வரும், பில் 1,300 சொச்சம். காருக்கு இன்னும் 300 யூனிட் சேர்ந்ததும் 500-ஐத் தாண்டிவிடுகிறது. 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த சலுகை போய்விடும், 600-க்கு மேல் யூனிட் 9.65 (எல்லாம் 2024 ஜூலைக் கட்டணப்படி). பில் 4,100 பக்கம். ஆக காரின் ஒவ்வொரு யூனிட்டும் எனக்கு 9 ரூபாய்க்கு மேல் விழுகிறது. தனி மீட்டர் வைத்துப் பார்த்ததில் சுவரிலிருந்து எடுக்கும் 1 யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் கிடைக்கிறது, சார்ஜ் ஆகும்போது பத்தில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். அப்படியும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசுக்குள்தான். என் பழைய பெட்ரோல் வண்டிக்கு 5 ரூபாய்க்கு மேல் ஆனது.

சென்னையிலிருந்து:

என்னுடையது எம்.ஜி. கோமெட் கார், 17.3 கிலோவாட் ஹவர். வெளியூர் போவதில்லை என்று முடிவு செய்துதான் வாங்கினேன். ஊருக்குள் 170, 180 வருகிறது, எனக்கு நாலு நாளைக்குத் தாங்கும். நீளம் 3 மீட்டருக்கும் குறைவு என்பதால் தி.நகரில் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில்கூட நுழைத்துவிடலாம்.

ரேஞ்சைவிட எங்கள் குடியிருப்புச் சங்கத்தோடுதான் அதிகம் போராடினேன். தீப்பிடிக்கும் என்றார்கள், பொது மீட்டரில் இழுப்பேன் என்றார்கள். ஐந்து மாதம். கடைசியில் கீழே என் வீட்டு மீட்டரிலிருந்தே குழாய் போட்டு 40 மீட்டர் ஒயர் இழுத்து, பூட்டு வைத்த பெட்டியில் பிளக் வைத்தேன். பில் என் பெயரில் வருவதைப் பார்த்த பிறகு யாரும் பேசவில்லை. இப்போது அதே சுவரில் மூன்று பெட்டி இருக்கிறது.

2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நின்றதே, அதில் என் வண்டியும் ஒன்று. பேட்டரி தரைக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டி, தண்ணீரில் நிற்க விட மனசு வரவில்லை. எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிடுங்கள், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

கொடிகாமத்திலிருந்து:

கோயம்புத்தூர் அண்ணா நோட்டுப் பற்றி எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். என்னிடம் இருப்பது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த 2013ஆம் ஆண்டுக் கார். அதுவும் 24 கிலோவாட் ஹவர்தான், ஆனால் பற்றரி வயசாகிவிட்டது. கொள்ளளவைக் காட்டும் 12 கட்டத்தில் இப்போது 8. முழுச் சார்ஜில் 85 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் போய்வர 50, அதுக்குப் போதும். வவுனியாவுக்கு நினைக்கவும் ஏலாது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை மறக்க முடியாது. பெற்றோல் வரிசையில் சனம் இரண்டு நாள் நின்றது. என்னுடைய காருக்கு வரிசை இல்லை, ஆனால் கரண்ட் வேண்டுமே. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் வந்தால் நடுச்சாமம் என்றாலும் எழும்பிப் போய்ச் சொருகுவேன், போனால் கழற்றுவேன். அயலில் ஒரு அம்மாவைக் கிழமைக்கு இரண்டு தரம் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஓட்டோவும் ஓடவில்லை. அந்த நாட்களில் 40 சதவீதம் கட்டாயம் மிச்சம் வைப்பேன், இரவில் யாராவது வந்து கதவைத் தட்டினால் இல்லை என்று சொல்லக்கூடாது என்று. ஒரு தரம் தட்டினார்கள், பிள்ளைப்பேறு. போய்ச் சேரும்போது 11 இருந்தது.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு விசயம். கட்டங்களை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதேங்கோ. கணினியில் மாற்றி 12 கட்டமும் காட்டவைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓ.பி.டி. துளையில் (காரின் கணினித் தகவலை வாசிக்கும் இடம்) சொருகும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுபோய், 20 கிலோமீற்றர் ஓடி, சதவீதம் எவ்வளவு இறங்குது என்று நீங்களே பாருங்கோ.

கோயம்புத்தூரிலிருந்து மறுபடியும்:

தம்பி, 40 மிச்சம் வைத்த கதையை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்கள். எழுதுங்கள்.

பேட்டரி தேய்மானம் பற்றி: 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. நோட்டைப் புரட்டினால் வீட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு முதல் வருடம் 22 சதவீதம், இப்போது 23. இது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. இதில் சார்ஜ் நிறைய மாறினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது, அதனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வண்டிக்குக் கணக்குத் தப்பும். வாரம் ஒருமுறை வீட்டில் மெதுவாக 100 வரை விடுகிறேன். அப்படி விடாத ஒரு மாதம் 1 சதவீதக் கணக்கே தாறுமாறாக வந்தது.

அடுத்த வெள்ளி மதுரைக்குப் போகிறோம், தாராபுரம் வழி. 215 கிலோமீட்டர், ஒட்டன்சத்திரத்தில் ஒருமுறை சார்ஜ் போட எண்ணம். கடந்த பத்து நாளில் யாராவது அங்கே போட்டிருந்தால், துப்பாக்கி வேலை செய்ததா என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவும் வருகிறார்கள்.