புதுப்பிப்பு: பதிவுத் திருமணம் இல்லாத தோழிக்குப் பணம் கிடைத்தது

லண்டனில் கணவரை இழந்த தோழி பற்றி முன்பு கேட்டிருந்தேனே? கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. அரசின் இழப்பு உதவித்தொகை வருமா என்று. வந்துவிட்டது!

2018-இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மெக்லாஃப்லின் என்ற பெண்ணின் வழக்கில் சொன்ன தீர்ப்புதான் தொடக்கம்: சட்டப்படி மணக்கவில்லை என்பதற்காகப் பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்டவருக்கு உதவித்தொகையை மறுப்பது பாகுபாடு என்றது. சட்டம் திருந்த 2023 பிப்ரவரி ஆயிற்று (அவசரமே இல்லை அவர்களுக்கு). பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்ந்தவர் என்பதால் முதலில் 3,500 பவுண்ட், பிறகு மாதம் 350 வீதம் 18 மாதம். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு தரும் தொகை) உரிமையும், இறந்தவர் வேலை செய்தபோது கட்டிய தேசியக் காப்புறுதிப் பங்களிப்பும் முக்கியம். துணைவர் இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். தாமதித்தால் மாதத் தவணைகள் குறையும்.

பிள்ளை இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அது அநியாயம்தான்.