நியூட்டன் சர்க்கஸைப் பார்த்தாலே கை நடுங்குது

யீஷூன் மாணவி:
கார் ஓட்டப் பழகுறேன். போன வாரம் பயிற்சியாளர் நம்ம சிங்கப்பூர் நியூட்டன் சர்க்கஸுக்குள்ள, அதான் அந்தப் பெரிய ரவுண்டானாவுக்குள்ள, விட்டார். ஸ்காட்ஸ் ரோட்டுல வெளியேற வேண்டியவ, பயத்துல ரெண்டு சுத்து சுத்திட்டுதான் வந்தேன். சிக்னல் வச்சா நிம்மதியா நிக்கலாமே? இந்த வட்டத்தை யாருக்குத்தான் பிடிக்கும்?

பழைய வரைபடக்காரன்:
எனக்குப் பிடிக்கும், தங்கச்சி! முப்பது வருஷம் ரோடு வரைஞ்சவன். கோப்பிக்கடையில நான் பண்ற கூத்துக்கு என் மனைவி வேற மேசைக்கே போயிடுவாங்க. கோப்பித் தட்டைக் கவுத்து வச்சா அது நடுத்திட்டு. டிஷ்யூ பாக்கெட்தான் கார். சிந்தின கோப்பியில விரலைத் தொட்டு நாலு ரோடு இழுப்பேன்.

நாலு ரோடு சாதாரணமா சந்திச்சா வண்டிகள் உரச 32 இடம். அதுல 16 இடத்துல ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டும். உயிர் போற மோதல் பெரும்பாலும் அங்கதான். ஒரே தடம் உள்ள வட்டத்துல மொத்தமே 8. நாலு இடத்துல சேரும், நாலு இடத்துல பிரியும். குறுக்கு வெட்டு ஒண்ணுகூடக் கிடையாது.

சூட்சுமம் நுழையுற வளைவுல இருக்கு. ரோடு நேரா உள்ள ஓடுனா அப்படியே பாய்வாங்க. கொஞ்சம் இடப்பக்கம் வளைச்சு விட்டா கால் தானா பிரேக்குக்குப் போகும். அந்த ஒரு கோட்டுக்காக நாள் முழுக்க அழிச்சு அழிச்சு வரைஞ்சிருக்கேன்.

வலப்பக்கம் வர்றவருக்கு வழி விடணும்ங்கிற விதியே பிரிட்டன்ல 1966லதான் வந்துச்சு. அதுக்கு முன்ன ஆளாளுக்கு உள்ள நெருக்கி, வட்டமே பூட்டிக்கும்.

நியூட்டன்ல தடம் பல, பயம் நியாயம்தான். ரெண்டு சுத்து சுத்தினது தப்பே இல்ல. கடைசி நேரத்துல குறுக்கே வெட்டிடாதீங்க.

டிரெய்லர் அண்ணன்:
நான் 40 அடி கண்டெய்னர் இழுக்கிறவன். முன்சக்கரம் வட்டத்துல போகும், பின்சக்கரம் பூச்செடியில ஏறும். டிஷ்யூ பாக்கெட்டை ஓட்டிப் பாத்தா போதுமா?

பழைய வரைபடக்காரன்:
அதுக்குத்தான் திட்டைச் சுத்தி லேசா உயர்ந்த கல்பட்டை விடுவோம். கார்க்காரர் ஏறத் தயங்குவார், உங்க பின்சக்கரம் ஏறிப் போகலாம். மேசையில அதுக்குச் சீனி தூவுவேன். ஆனா ஒரு பக்கமிருந்து வண்டி ஓயாம வந்துக்கிட்டே இருந்தா அடுத்த ரோட்டுக்காரருக்கு இடைவெளியே கிடைக்காது. அங்க சிக்னல்தான், ஒத்துக்கிறேன்.

டிரெய்லர் அண்ணன்:
சரிதான். அந்தத் தட்டை எடுத்து வச்சீங்களா அண்ணே? இப்பல்லாம் மேசையிலேயே விட்டுட்டுப் போனா அபராதம்.