டொமைன் வாங்கி விற்பதில் டிரேட்மார்க் சிக்கல் வருமா?

புதியவன்: காலாவதியான ஒரு டாட் காம் பெயரை ஏலத்தில் எடுத்தேன். பெரிய செல்போன் பிராண்டின் பெயரும் 'சர்வீஸ்' என்ற சொல்லும் சேர்ந்தது. அந்த கம்பெனிக்கே விற்கலாம் என்று மெயில் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா?

தென்னங்கீற்று: அனுப்பாதீங்க தம்பி. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற டொமைன் தகராறு விதிப்படி, டிரேட்மார்க்கோடு குழப்பும் அளவுக்குப் பெயர் ஒத்திருந்து, உங்களுக்கு நியாயமான உரிமை இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்தினால் பெயர் கையைவிட்டுப் போகும். செலவைவிடக் கூடுதல் விலைக்கு மார்க் உரிமையாளருக்கே விற்பதற்காக வாங்குவது கெட்ட எண்ணத்துக்குச் சான்று என்று விதியிலேயே இருக்கிறது.

பழையகை: என் பெயர் ஒன்று அப்படித்தான் போனது. தளம் எதுவும் கட்டாத பெயரில் விளம்பரம் மட்டும் காட்டும் பார்க்கிங் பக்கத்தில் போட்டி கம்பெனி விளம்பரம் தானாக ஓடியது, அந்த ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் புகாரில் இணைத்திருந்தார்கள். நான் போட்ட விளம்பரம் இல்லை என்றது எடுபடவில்லை.

புதியவன்: பழைய உரிமையாளர் பல வருஷம் வைத்திருந்தாரே?

தென்னங்கீற்று: அது உதவாது, நீங்கள் வாங்கிய தேதிதான் கணக்கு. இந்தப் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள். அடுத்த தடவை ஏலத்துக்கு முன்னாடியே இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான்.