இடுப்பு வலி என்று போனோம், கோளாறு சிறுநீரகத்தில் இருந்தது

மதுரையிலிருந்து ஒரு தங்கை:

என் அண்ணன் பல வருடங்களாக எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை எடுக்கிறார். வேளை தவறவே மாட்டார்; வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, கட்டுக்குள்தான் இருந்தது. போன வருடம் இடுப்பிலும் விலாவிலும் வலி ஆரம்பித்தது. மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பையே இழுத்துக்கொண்டு போவார். எலும்பு டாக்டர் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரை எழுதினார். வலி அடங்கவில்லை.

சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில்தான் விஷயம் பிடிபட்டது. சிறுநீரில் சர்க்கரை இரண்டு பிளஸ், கூடவே புரதம். ரத்தத்திலோ சாப்பிட்ட பிறகும் சர்க்கரை 110தான். லேபில் சாம்பிள் மாறிப்போச்சு என்றே நினைத்தோம். ஏஆர்டி சென்டர் டாக்டர் அப்படி விடவில்லை, ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவைப் பார்க்கச் சொன்னார். 2.5க்குக் குறையக் கூடாதாம், அண்ணனுக்கு 1.6.

ஃபேன்கோனி சிண்ட்ரோம் என்றார். மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரக நுண்குழாய்களைப் பாதிக்குமாம். சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் திரும்ப ரத்தத்துக்கு அனுப்புவது அந்தக் குழாய்கள்தான். அவை கெட்டால் பாஸ்பேட் சிறுநீரிலேயே போய்விடும், எலும்பு பலமிழக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் வழக்கமாக அளக்கும் கிரியாட்டினின் 1.3தான் இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

டெனோஃபோவிரை நிறுத்தி, அதற்குப் பதிலாக அபாகாவிர் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சலோ தடிப்போ வந்தால் உடனே வரணும், அது ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் டெனோஃபோவிரோடு சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாமாம். அதையும் அடியோடு நிறுத்தியாச்சு. மெல்ல மெல்லத்தான் தேறினார்.

திருச்சியிலிருந்து:

அக்கா, எனக்கு வேறு மாதிரி. டோலுடெகிராவிர் என்ற மருந்து உள்ள எச்ஐவி மாத்திரைக்கு மாறியதும் கிரியாட்டினின் 0.9லிருந்து 1.1 ஆனது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திடலாமா என்று கேட்டேன். நீங்களாக நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வழியை அந்த மருந்து அடைக்கும், வடிகட்டும் வேலை குறையாது, முதல் சில வாரங்களில் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றுவிடும் என்றார். சிறுநீரில் புரதம், சர்க்கரை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இப்போதும் 1.1லேயே நிற்கிறது.

விழுப்புரத்திலிருந்து ஒரு மனைவி:

என் கணவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டும் சேர்ந்து டயாலிசிஸ் வரை வந்துவிட்டது. ஒரு தனியார் மையத்தில் 'தனி மெஷின் இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று வாசலில் நின்று அழுதேன். எச்ஐவிக்குத் தனி மெஷின் தேவையில்லை, எல்லோருக்கும் செய்கிற தொற்றுத் தடுப்பே போதும், ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்குத்தான் தனி மெஷின் என்று அப்புறம்தான் தெரிந்தது. எச்ஐவி என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. இதைத் தாளில் எழுதிப் பையிலேயே வைத்திருக்கிறேன். இப்போது அரசு மருத்துவமனையில் வாரம் மூன்று முறை போகிறோம். அங்கே நர்ஸம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதுவே அவருக்குத் தெம்பு.

தென்னாப்பிரிக்காவில் 2008லேயே எச்ஐவி உள்ளவர்களுக்கு, எச்ஐவியோடு இறந்தவர்களின் சிறுநீரகத்தையே பொருத்தியிருக்கிறார்கள். இங்கே மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், எங்கே, எப்படி என்று கொஞ்சம் எழுதுங்களேன்.