டாங்கியில் ஏறிப் போன நிருபரை நம்பலாமா? (இராக், 2003)

நொச்சி:
இராக் போரில் அமெரிக்க ராணுவம் 600க்கும் மேற்பட்ட நிருபர்களைத் தன் படைகளோடு கூட்டிக்கொண்டு போனது. சாப்பாடு, படுக்கை, உயிர் எல்லாம் அந்தச் சிப்பாய்கள் கையில். அவர்களைப் பற்றியே நடுநிலையாக எழுத எப்படி மனசு வரும்? குண்டு புறப்படும் இடம்தான் டிவியில் ஓடியது. விழுந்த இடத்தைக் காட்டியது கத்தார் நாட்டு டிவியான அல் ஜசீரா. அதன் பாக்தாத் அலுவலகத்தை ஏப்ரல் 8 அன்று அமெரிக்க விமானம் தாக்கி, நிருபர் தாரிக் அய்யூப் கொல்லப்பட்டார்.

கருவேலன்:
பொறுங்கள் நண்பரே. 1991 வளைகுடாப் போரில் பல நிருபர்கள் சவூதி ஓட்டலில் உட்கார்ந்து ராணுவம் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அது தேவலையா? 2003 மார்ச் 31, இராக்கின் 9ஆம் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு வண்டியைச் சுட்டார்கள். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் கணக்கில் செத்தவர்கள் 7 பேர். படையோடு இருந்த வாஷிங்டன் போஸ்ட் நிருபர் வில்லியம் பிரானிகன் எழுதியது 10 பேர், அதில் 5 சின்னக் குழந்தைகள். எச்சரிக்கைக் குண்டு சீக்கிரம் சுடவில்லை என்று கேப்டன் தன் ஆட்களையே திட்டியதையும் எழுதினார். அவர் அங்கே இல்லாவிட்டால் 7தான்.

நொச்சி:
ஒரு பிரானிகன். மற்றவர்கள்?

ஊர்க்குருவி:
ரெண்டு பேரும் டாங்கியை விட்டு இறங்குங்கப்பா. போர் வேண்டும் என்று மக்களை நம்பவைக்கும் காரியம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2002 செப்டம்பர் 8, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கம்: இராக் அதிபர் சதாம் உசேன் வாங்கப் பார்த்த அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்காம். சொன்னது பெயர் போடாத அதிகாரிகள். அன்றைக்கே அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி டிவியில் அதே செய்தியை ஆதாரமாகக் காட்டுகிறார்! பல ஊர்ப் பத்திரிகைகளை நடத்திய நைட் ரிடர் நிறுவனத்தின் நிருபர்கள் ஸ்ட்ரோபலும் லேண்டேயும் அதே வாஷிங்டனில் கீழ்மட்ட அதிகாரிகளை விசாரித்து, சந்தேகத்தோடு எழுதினார்கள். அன்று அந்த நிறுவனத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ பத்திரிகை இல்லை. யார் கண்ணில் படும்?

கருவேலன்:
2004 மே 26இல் டைம்ஸ் தன் இராக் செய்திகளின் குறைகளை ஒப்புக்கொண்டதே.

ஊர்க்குருவி:
எந்தப் பக்கத்தில்? ஏ10. உள்ளே.

கருவேலன்:
சரி, மறுபக்கமும் பாருங்கள். சதாம் ஆட்களின் சித்திரவதைகள் தெரிந்தும், அங்குள்ள ஊழியர்கள் உயிருக்கு ஆபத்து என்று பல வருடம் வெளியிடவில்லை என சிஎன்என் செய்திப் பிரிவுத் தலைவர் ஈசன் ஜோர்டன் 2003 ஏப்ரலில் தானே எழுதினார். பாக்தாத்தில் இருந்து எழுதிய நிருபர்களுக்கு மட்டும் சுதந்திரமா?

நொச்சி:
இல்லைதான். ஆனால் 'இவர் ராணுவத்தோடு போனவர்' என்று செய்திக்கு மேலே ஒரு வரி போட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கருவேலன்:
தாராளமாகப் போடட்டும். பாக்தாத் செய்திக்கு மேலே 'சதாம் அரசின் கண்காணிப்பாளர் நிருபர் பக்கத்தில் நின்றார்' என்றும் போடச் சொல்லுங்கள்.