பரூசியா: 'வருகை'யா, 'பிரசன்ன'மா? மூன்றாவதாக ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

விவிலியக் கலைச்சொல் பட்டியலில், கிறிஸ்து மீண்டும் வருவதைச் சொல்லவும் புதிய ஏற்பாடு பயன்படுத்தும் 'பரூசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான் நிற்கிறது. இந்த இழையில் வந்த இரண்டு கருத்துகளிலிருந்து தொடங்குகிறேன்.

> 'வருகை' என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். எல்லோருக்கும் புரிகிறது. புதிதாக எதற்கு?

> மூலச்சொல்லின் பொருள் 'பக்கத்தில் இருத்தல்'. ஆகவே 'பிரசன்னம்' என்று போடுவதுதான் நேர்மை.

புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் 'வருகை' என்றால் வாசலோடு காரியம் முடிந்துவிடுகிறது. வந்தவர் தங்கினாரா, திரும்பிப் போனாரா என்பது அந்தச் சொல்லில் இல்லை. பரூசியாவில் அது இருக்கிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது (2:12) பரூசியாவையும் அதன் எதிர்ச்சொல்லான அபூசியாவையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார். அபூசியா என்றால் கூட இல்லாதிருத்தல். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு அங்கே 'வருகை' என்று போடவில்லை. "நான் உங்களுக்குச் சமீபமாயிருக்கும்பொழுது மாத்திரமல்ல, நான் தூரமாயிருக்கும் இப்பொழுதும்" என்கிறது. நல்ல காது இருந்திருக்கிறது அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 24 இடங்களில் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் அது 'வருகை'. 2 கொரிந்தியர் 7:6இல் "தீத்து வந்ததினாலே" என்று, பவுலின் உடன் ஊழியர் வந்ததைச் சொல்லும் வினையாக மாறுகிறது. அதே நிருபத்தில் 10:10இல் பவுலின் சரீரத்தின் 'தோற்றம்'. பிலிப்பியரில் 'சமீபமாயிருத்தல்'. 2 பேதுரு 3:4இல் பரியாசக்காரர் வாயில் "அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே?" என்று எதிர்காலமாகவே ஆகிவிடுகிறது. வாசிப்புக்கு இது குறையே இல்லை, இடத்துக்கு ஏற்றபடி தமிழ் ஓடுகிறது. ஆனால் கலைச்சொல் என்று வந்தால் ஒன்றுதான் இருக்க முடியும். அது தீத்துவுக்கும் பொருந்த வேண்டும், கிறிஸ்துவுக்கும் பொருந்த வேண்டும். 2 தெசலோனிக்கேயர் 2:9இல் கிறிஸ்துவின் எதிராளியான அக்கிரமக்காரனுக்கும் இதே சொல்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, 'பிரசன்னம்'? எனக்கு இரண்டு தடைகள் தெரிகின்றன. முதலாவது, அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. எபிபனெயா (வெளிப்பட்டுத் தோன்றுதல்) என்ற வேறொரு சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்பு 'பிரசன்னமாகுதல்' என்று வைத்திருக்கிறது. தீத்து 2:13இல் 'மகிமையின் பிரசன்னமாகுதல்', 2 தீமோத்தேயு 4:8இல் 'அவர் பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும்'. இரண்டு கிரேக்கச் சொற்களும் அடுத்தடுத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு, 2 தெசலோனிக்கேயர் 2:8. தமிழில் அது 'வருகையின் பிரசன்னத்தினாலே'. பரூசியாவைப் பிரசன்னம் ஆக்கினால் இந்த வசனத்தில் 'பிரசன்னத்தின் பிரசன்னம்' என்று எழுத வேண்டிவரும்.

இரண்டாவது தடை கொஞ்சம் நுட்பமானது. யெகோவாவின் சாட்சிகள் இந்தச் சொல்லுக்குப் பிரசன்னம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிரசன்னம் 1914இல் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் போதனை. அவர்கள் சொல்வதற்கு வசன ஆதாரமே இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. மத்தேயு 24:37இல் பரூசியாவுக்கு ஒப்பிடப்படுவது 'நோவாவின் நாட்கள்', அதாவது ஒரு காலப்பகுதி. ஆனால் பத்து வசனத்துக்கு முன்னால், 24:27இல், அதே பரூசியாவுக்கு ஒப்பு மின்னல். கிழக்கில் தோன்றி மேற்கு வரை தெரிகிற ஒன்றை யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று எப்படிச் சொல்வது என்று மற்றவர்கள் கேட்பார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது கலைச்சொல் பட்டியலின் வேலை கிடையாது. 'வருகை' ஒரு தரப்புக்குச் சாதகம், 'பிரசன்னம்' இன்னொரு தரப்புக்கு. இரு தரப்பும் உட்கார்ந்து வாதாடத் தக்க சொல்லாகத் தேட வேண்டும்.

இன்னொரு நண்பர் 'எழுந்தருளல்' என்றார். உண்மையில் என் மனம் அதில்தான் வெகுநேரம் நின்றது. ஏனென்றால் பரூசியாவின் அக்கம்பக்கம் முழுக்க அரசன் வரும் மணம். 1908இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் டைஸ்மான் எகிப்துப் பாப்பிரஸ் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் புதிய ஏற்பாட்டின் மொழியோடு ஒப்பிட்டு எழுதியபோது இதை விரிவாகக் காட்டினார். அரசனின் பரூசியாவுக்குக் கிரீடம் செய்து கொடுக்கவென்று குடிமக்களிடம் பணம் தண்டியிருக்கிறார்கள். கிரேக்க நாட்டுக் கல்வெட்டு ஒன்று 'தேவனாகிய ஹத்ரியானின் முதல் பரூசியாவிலிருந்து 69ஆம் ஆண்டு' என்று நாள் குறிக்கிறது. பேரரசன் ஒருமுறை வந்து போனதிலிருந்து ஆண்டுக் கணக்கே தொடங்கிவிடுகிறது! ஊரார் வெளியே போய் அவனைச் சந்தித்து உள்ளே அழைத்து வருவதற்கும் ஒரு சொல் உண்டு, அபான்தேசிஸ். 1 தெசலோனிக்கேயர் 4:17இல் விசுவாசிகள் ஆகாயத்தில் ஆண்டவரை 'எதிர்கொண்டு' போவது அந்தச் சொல்தான். பத்துக் கன்னிகைகள் மணவாளனை எதிர்கொள்வதும், ரோமாபுரிச் சகோதரர்கள் அப்பியுபுரம் வரை வந்து பவுலை எதிர்கொள்வதும் (அப்போஸ்தலர் 28:15) அதே சொல். பவுலை எதிர்கொண்டவர்கள் அவரோடு ரோமாபுரிக்குத்தான் திரும்பினார்கள் என்பதை 'இரகசிய வருகை' (கிறிஸ்து இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார் என்ற போதனை) பற்றி விவாதிப்பவர்கள் கவனிக்கலாம். அது வேறு இழைக்கு.

இந்தப் பின்னணிக்கு 'எழுந்தருளல்' அப்படியே பொருந்துகிறது. வருவதையும் சொல்கிறது, 'எழுந்தருளியிருக்கிறார்' என்றால் வீற்றிருப்பதையும் சொல்கிறது. வேதாகமத் தமிழுக்கும் அந்நியமில்லை. சங்கீதம் 132:8இல் உடன்படிக்கைப் பெட்டியோடு 'தாபர ஸ்தலத்திற்குள் எழுந்தருளும்' என்று வேண்டுகிறார்கள். கோயில் வாடை அடிக்கிறது என்று ஒருவர் ஆட்சேபித்திருந்தார். பழைய மொழிபெயர்ப்பே எடுத்தாண்ட சொல்லை அந்தக் காரணத்துக்காகத் தள்ள எனக்கு மனமில்லை. நான் தள்ளுவது வேறு காரணத்துக்காக. எழுந்தருளலில் மரியாதை பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறது. 'தீத்து எழுந்தருளினார்' என்றால் கிண்டல் செய்வது போல இருக்கும். 'அக்கிரமக்காரனின் எழுந்தருளல்' என்பதை எழுதும்போதே கை கூசுகிறது.

என் முன்மொழிவு: வந்திருப்பு.

வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து "அண்ணன் வந்திருக்கிறார்" என்று சொன்னால் நமக்கு என்ன புரிகிறது? வந்தார், இப்போது இங்கே இருக்கிறார். 'வந்தார்' என்பதில் இது இல்லை, 'இருக்கிறார்' என்பதிலும் முழுதாக இல்லை. வந்து என்ற எச்சமும் இரு என்ற துணைவினையும் சேர்ந்து பரூசியாவின் இரண்டு பாதிகளையும் எந்த அலங்காரமும் இல்லாமல் தாங்குகின்றன. பெயர்ச்சொல்லாக்குவதற்கு முன்மாதிரியும் உண்டு. காத்திரு, காத்திருப்பு. அதே அச்சில் வந்திரு, வந்திருப்பு. எதிர்ச்சொல்லான அபூசியாவுக்குப் பிரிந்திருப்பு. இப்போது பிலிப்பியர் வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்: "நான் உங்களோடு வந்திருந்தபோது மட்டுமல்ல, பிரிந்திருக்கும் இப்போதும்". 1 கொரிந்தியர் 16:17இல் ஸ்தேவானும் கூட்டாளிகளும் தன்னிடம் வந்தது கொரிந்தியர் அருகில் இல்லாத குறையை நிரப்பியது என்கிறார் பவுல். தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களால் அந்தக் குறை நிரம்பாது, வந்திருந்தவர்களால்தான் நிரம்பும்.

சொல்லுங்கள்.

* * *

ஐயா, வணக்கம்.

> என் முன்மொழிவு: வந்திருப்பு.

காரணங்கள் எல்லாம் சரி. ஆனால் எனக்கு 'வந்திருப்பு' என்றதும் "இந்நேரம் வந்திருப்பார்" என்ற ஊகம்தான் காதில் விழுகிறது. திருச்சபை இரண்டாயிரம் ஆண்டாக எதிர்பார்ப்பதை இப்படி ஒரு சந்தேகத் தொனியில் சொல்லலாமா? அப்புறம் 'இரண்டாம் வருகை' என்ற தொடரை என்ன செய்வது? அது சபைகளில் ஊறிப்போனது. கடைசியாக, இறைவனின் உடனிருப்பைச் சொல்லும் எபிரேயச் சொற்களுக்கும் வந்திருப்பு என்றே போடப் போகிறோமா? ஷெக்கினா இன்னும் பட்டியலில் வெறுமனே கிடக்கிறது.

* * *

அம்மா, வணக்கம். ஊகத் தொனி பற்றிச் சொன்னது நல்ல பிடி. 'வந்திருப்பார்', 'வந்திருப்பான்' என்ற வினைமுற்றுகளில் அந்தத் தொனி கட்டாயம் உண்டு. பெயர்ச்சொல்லில் அது தங்குவதாக எனக்குத் தெரியவில்லை. 'காத்திருப்பார்' என்பதும் ஊகமாகலாம், 'காத்திருப்பு' ஆகாது. காலம் காட்டாமல் நிற்பது உண்மையில் இங்கே லாபம். 1 கொரிந்தியர் 16:22இல் பவுல் அராமிய மொழியிலேயே விட்டுவைத்த 'மாரநாதா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மாரன் அதா என்று பிரித்தால் 'நம் ஆண்டவர் வந்துவிட்டார்'. மாரனா தா என்று பிரித்தால் 'எங்கள் ஆண்டவரே, வாரும்'. முதல் சபையார் எந்தப் பிரிப்பில் சொன்னார்கள் என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்ததும் வரப்போவதும் ஒரே மூச்சில் நிற்கும் நம்பிக்கைக்குக் காலம் காட்டாத பெயர்ச்சொல் இடைஞ்சல் செய்யாது.

'இரண்டாம் வருகை' இருக்கட்டும். மக்கள் வழக்கில் யாரும் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் ஒரு தகவல்: 'இரண்டாம் பரூசியா' என்ற தொடர் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. மிக நெருங்கிய இடம் எபிரெயர் 9:28. அங்கே 'இரண்டாந்தரம்' உண்டு, பரூசியா இல்லை. "தரிசனமாவார்" என்ற வினைதான் இருக்கிறது. ஆதிச் சபையின் ஆயர்களில் ஒருவரான அந்தியோக்கியா இக்னேசியு பரூசியாவை முதல் வருகைக்கே பயன்படுத்துகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதும்போது இரண்டு பரூசியாக்கள் என்ற பாகுபாடு தெளிவாக வந்துவிடுகிறது. சபை வரலாற்றுக் கட்டுரைகளில் 'முதல் வந்திருப்பு, இரண்டாம் வந்திருப்பு' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. பெத்லகேமில் பிறந்து முப்பது சொச்சம் ஆண்டு மனிதரோடு வாழ்ந்ததையும் சேர்த்துச் சொல்ல 'வருகை'யை விட இது மேல்.

எபிரேயம் தனிக் கணக்கு. பானிம் என்றால் முகம். "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும்" (யாத்திராகமம் 33:14), சமுகத்தப்பம் எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து வருபவை. சமுகம் அதற்கே இருக்கட்டும். ஷெக்கினா பெயர்ச்சொல்லாக வேதாகமத்தில் இல்லை, பின்னால் யூத ரபிகளின் வழக்கில் வந்தது. அதன் வேரான ஷாகன் மட்டும் ஏராளமாக உண்டு, குடியிருத்தல் என்று பொருள். ஆசரிப்புக் கூடாரத்துக்கான மிஷ்கான் என்ற பெயரும் அதே வேர்தான். அதற்கு 'இறையுறைவு' என்று வைக்கலாம். உறைதல் என்றால் நீர் பனிக்கட்டியாவதும்தானே என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். மேகம் கூடாரத்தை நிரப்பி மோசே உள்ளே நுழைய முடியாமல் நின்றது (யாத்திராகமம் 40:35) உறைவு. எசேக்கியேல் பார்த்தபடி மகிமை ஆலயத்தைவிட்டுக் கிளம்பிக் கிழக்கு மலைமேல் போய் நின்றது அந்த உறைவின் நீக்கம். 43ஆம் அதிகாரத்தில் அது கிழக்கிலிருந்தே திரும்பி வருவதை வேண்டுமானால் வந்திருப்பு என்று விளக்கவுரையில் சொல்லலாம், பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

பிளேட்டோவிடமும் பரூசியா உண்டு, அழகு என்ற வடிவம் அழகான பொருளில் 'கூட இருப்பது'. அங்கே வருகை என்ற பேச்சே இல்லை. மெய்யியல் பட்டியலுக்கு 'உடனிருப்பு' போதும்.

பதிவுக்கு வரைவு இது, திருத்துங்கள்:

வந்திருப்பு (பெயர்): கிரேக்கப் பரூசியா. ஒருவர் வந்துசேர்ந்து உடன் இருத்தல். அரசர் அல்லது அதிகாரி ஊருக்கு வந்து தங்குதல். கிறிஸ்து மாட்சியோடு வருதலும் அதன்பின் உடனிருத்தலும். எதிர்: பிரிந்திருப்பு. மக்கள் வழக்கு: வருகை. ஒப்புநோக்குக: பிரசன்னமாகுதல் (எபிபனெயா), சமுகம் (பானிம்), இறையுறைவு (ஷெக்கினா).

'மாட்சி' என்பதா 'மகிமை' என்பதா என்ற பழைய சண்டை இந்த வரைவிலும் எட்டிப் பார்க்கிறது. 'திருவிவிலியம்' என்ற புதிய மொழிபெயர்ப்பின் வாசகர்களுக்கு ஒன்று, பழைய மொழிபெயர்ப்பு வாசகர்களுக்கு மற்றொன்று. சாய்கோடு போட்டு இரண்டையும் வைத்துவிடுகிறேன். மறுப்பு உள்ளவர்கள் பட்டியல் மூடுவதற்குள் எழுதுங்கள்.