ஸ்டாக் வைக்கச் சொல்வது யார், வட்டி கட்டுவது யார்?

பர்ச்சேஸ்காரன்:
உதிரிபாகத்தைத் தேவைக்கு மட்டும் அவ்வப்போது வரவழைக்கும் ஜஸ்ட் இன் டைம் முறையைக் கைவிட வேண்டும் என்பது என் கட்சி. அதை வளர்த்த டொயோட்டாவே மாறிவிட்டது. 2011 மார்ச் ஜப்பான் நிலநடுக்கத்தில் சிப் செய்யும் ரெனேசாஸ் கம்பெனியின் நாகா ஆலை சேதமாகி, கார்களுக்கான சிப் வரத்து நின்றது. அதன்பிறகு 2 முதல் 6 மாதத்துக்கான சிப் கையிருப்பைச் சப்ளையர்கள் வைத்திருக்க வேண்டும் என்று டொயோட்டா சொல்லிவிட்டது. 2021 தொடக்கத்தில் மற்ற கம்பெனிகள் லைனை நிறுத்தியபோது அது தாக்குப்பிடித்தது இதனால்தான்.

அம்பத்தூர் லேத்:
சார், "சப்ளையர்கள் வைத்திருக்க வேண்டும்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த இடத்தில் இருப்பவன் நான். போன வருடம் ஒரு கம்பெனி கேட்டதென்று மூன்று மாதத்துக்கான புஷ் (துளையில் பொருத்தும் உலோக வளையம்) அடித்து, எண்ணெய்த்தாள் சுற்றி ரேக்கில் அடுக்கினோம். டிராயிங்கில் உள்விட்டத்தை மாற்றினார்கள். அத்தனையும் ஸ்கிராப் எடைக்குப் போனது. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு வருவதோ மூன்று மாதம் கழித்து. அதுவரை வங்கி வட்டி யார் தலையில்?

பர்ச்சேஸ்காரன்:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அது பேமெண்ட் பிரச்சினை. ஒரு சின்ன பாகம் இல்லாமல் முழு லைனும் நின்றால் அந்த நஷ்டம் உங்கள் ஆர்டரையும் சேர்த்துத்தான் அடிக்கும்.

மீரா_லாஜிஸ்டிக்ஸ்:
ஸ்டாக் மட்டும் காப்பாற்றாது. கொரோனாவால் தென்கிழக்கு ஆசியாவில் ஆலைகள் முடங்கியதும், அதே டொயோட்டா 2021 செப்டம்பர் உற்பத்தித் திட்டத்தை 40 சதவீதம் குறைத்தது. 1997 பிப்ரவரியைப் பாருங்கள். பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பி-வால்வு டொயோட்டாவுக்குக் கிட்டத்தட்ட முழுவதும் ஐசின் என்ற சப்ளையரின் கரியா ஆலையிலிருந்துதான் வந்தது. அங்கே தீப்பிடித்தது. கையில் இருந்த ஸ்டாக் சில மணி நேரத்துக்குத்தான். டிராயிங்கை ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். தையல் மிஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட வால்வு செய்து கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் லைன்கள் ஓட ஆரம்பித்தன. யாரிடம் எந்த மெஷின் இருக்கிறது என்று தெரிந்திருந்ததுதான் கைகொடுத்தது.

அம்பத்தூர் லேத்:
மேடம், அந்தக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். உதவிக்கு வந்தவர்களின் செலவை ஐசின் ஏற்றுக்கொண்டது. டொயோட்டாவும் தன் சப்ளையர்களுக்குத் தனியாகப் பணம் கொடுத்தது. இங்கே அவசரம் என்று ராத்திரி ஷிஃப்ட் ஓட்டினால் பில்லில் ஒரு ரூபாய் கூடுதலாகப் போட முடியுமா?

பர்ச்சேஸ்காரன்:
அது நியாயமான கேள்வி. கையிருப்புக்குத் தனி ரேட் போட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். டிராயிங் மாறினால் மீதியை வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்க்கலாம். ஆனாலும் ஸ்டாக் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

அம்பத்தூர் லேத்:
சரி, அதைப் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். மறுநாளே ராடு வாங்கி மெஷினில் ஏற்றுகிறேன். வாய் வார்த்தைக்கு இனி ஒரு பீஸ்கூட அதிகம் அடிக்க மாட்டேன்.